ரீபூட் அறியாத பெருமான்

சர்வர் ஐயா அவர்களுக்குக் கொல்லிமலையிலிருந்து வணக்கமும் வாழ்த்தும்.

தங்கள் பொறுப்பில் இருக்கும் சர்வர் ஒருமுறைகூட ரீபூட் ஆகாமல் ஆயிரம் நாளைத் தாண்டிவிட்டதாக மலைக்கே செய்தி வந்துவிட்டது. காரவள்ளியில் கிளம்பி 70 கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று வரும் செய்திகள் பாதி வழியில் தலைசுற்றிப் படுத்துவிடுவதுதான் இங்கே வழக்கம். இது படுக்கவில்லை. ‘அப்டைம்’ என்று கட்டளை கொடுத்ததும் திரையில் வருகிற அந்த நாள் கணக்கைப் படம் எடுத்து, கண்ணாடி போட்டு, இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறீர்களாம். மாட்ட வேண்டியதுதான். மற்ற பெருமைகளுக்கு ஏதாவது வேலை செய்ய வேண்டியிருக்கிறது. யாரும் எதையும் தொடாமல் இருந்தாலே தினம் ஒன்று கூடுகிற பெருமை இது ஒன்றுதான்.

எங்கள் மலைக்கு இந்த வகைப் புகழ் பழக்கமானது. நற்றிணை 201ஆம் பாட்டில் பரணர் கொல்லிப்பாவையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். காற்று மோதட்டும், மழை அடிக்கட்டும், இடி விழட்டும், நிலமே குலுங்கட்டும், அவள் உருவம் அழியாதாம். யுபிஎஸ் இல்லை, ஜெனரேட்டர் இல்லை, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்கூடக் கிடையாது. அப்டைம் போட்டிக்கு உலகத்திலேயே முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். பாவைக்கு இன்னொரு குணமும் உண்டு. எப்போதும் சிரித்த முகமாக நிற்பாள். அந்தச் சிரிப்பை நம்பிக் கிட்டே போனவன் திரும்பி வந்ததில்லை. தங்கள் சர்வரின் முகப்பிலும் இரவு பகலாகப் பச்சை விளக்கு எரிகிறதாமே. பொருத்தம் பார்த்துத்தான் சொன்னேன்.

இங்கே எங்கள் பிழைப்பு தரம் தாழ்ந்தது. மழைக்காலத்தில் ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் இ-சேவை மையத்துக் கணினியும் போகும். பேட்டரி கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிக்கும், அப்புறம் அதுவும் கையை விரிக்கும். கரண்ட் வந்ததும் கணினி மறுபடி எழுந்து உட்காரும். மறுபடி போகும், மறுபடி எழும். மானமுள்ள இயந்திரம் இப்படி எழுந்துகொண்டே இருக்குமா? தங்கள் சர்வருக்கு அந்த இழிவு இதுவரை நேரவில்லை. அது எழுமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை. சோதனைக்கு அப்பாற்பட்ட நிலை தெய்வங்களுக்குரியது.

வளப்பூர் நாட்டிலிருந்து பேரனுக்கு மலையாளிப் பழங்குடிச் சான்றிதழ் வாங்க ஒரு பெரியவர் வருகிறார் என்று வையுங்கள். விண்ணப்பம் கோட்டாட்சியர்வரை போய்த் திரும்ப வேண்டிய சங்கதி. “சர்வர் வரலீங்க தாத்தா, நாளைக்கு வாங்க” என்று இ-சேவை மையத்துப் பெண் சொல்கிறாள். ரேஷன் கடையிலும் இதே பாட்டு. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்குக் கைரேகைப் பதிவு வந்தது முதல், ரேகை தேய்ந்த விரல்களைப் பற்றியும் வராத சர்வரைப் பற்றியும் மலையில் அனைவருக்கும் நல்ல கேள்வி ஞானம் உண்டு. ஆனால் தாத்தாவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சர்வர் வராத அன்றைக்கும் அப்டைம் கணக்கில் ஒரு நாள் கூடியிருக்கிறது. இயந்திரம் விழித்திருக்கிறதா என்பது மட்டும்தான் அந்தக் கணக்கின் கேள்வி. கேட்டவனுக்குப் பதில் சொல்கிறதா என்பது வேறு இலாகா. தாத்தா வெறுங்கையோடு பஸ் ஏறினாலும் தங்கள் சாதனைக்கு ஒரு கீறலும் விழாது.

இந்தத் துறையில் தங்களுக்கு முன்னோர்கள் உண்டு. நாவெல் நெட்வேர் 3.12 ஓடிய ஒரு சர்வர் 1996 செப்டம்பரில் உயிர்பெற்று 2013இல் அடங்கியது. ஆயுள் 6,030 நாள். கடைசிக் காலத்தில் அதன் வட்டுகளின் பேரிங் போட்ட இரைச்சலைத் தாங்க முடியாமல்தான் அணைத்தார்கள். இரைச்சல் போடாமல் கெட்டுப்போயிருந்தால் இன்னும் விட்டுவைத்திருப்பார்கள். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஒரு சர்வரை மறந்துபோய்ச் சுவர் வைத்து மூடிவிட்டார்கள், நாலு ஆண்டு கழித்துக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போய்ச் சுவருக்குப் பின்னால் கண்டுபிடித்தார்கள் என்று 2001 முதல் ஒரு கதையும் உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, நிர்வாகத்தின் உச்சம் என்று அதைத்தான் சொல்வேன். சுவர் எழுப்பிய கொத்தனாருக்குத்தான் விருது போயிருக்க வேண்டும்.

ஐயா, தங்கள் சர்வரை அணைக்கக் கூடாது என்பதற்குத் தாங்கள் சொல்லும் காரணங்களை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அதன் நினைவகத்தில் என்னென்ன பொக்கிஷம் இருக்கிறது என்று வெளியாருக்கு எங்கே தெரியப்போகிறது? இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அவசர நாளில் யாரோ ஃபயர்வாலில் கையால் தட்டிய ஒரு விதி அதில் இருக்கிறது. கோப்பில் எழுதிவைக்கவில்லை, எழுத நேரமில்லை. வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு தம்பி டெர்மினலைத் திறந்து, ஒரு நிரலைக் கிளப்பிவிட்டு, மூடாமல் வீட்டுக்குப் போனான். அது இன்றும் ஓடுகிறது. எங்கிருந்து கிளம்பியது, என்ன சொல்லிக் கிளப்பினான் என்று எந்தத் தாளிலும் இல்லை. புதிதாகச் செருகிய வட்டு ஒன்றை அப்போதைக்கு இணைத்தார்கள். சர்வர் எழும்போது தானாக அதை இணைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒற்றை வரியைப் பட்டியலில் சேர்க்க மறந்தார்கள். ஒரு கோப்பை யாரோ அழித்துவிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கிற நிரல் அதைத் திறந்து பிடித்திருப்பதால் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த நிரல் கையை விட்டால் கோப்பும் போகும், கூடவே எந்த மாதத்துக் கணக்கு போகும் என்பதும் போன பிறகுதான் தெரியும். இத்தனையையும் மின்சாரம் ஒன்றே தாங்கிக்கொண்டிருக்கிறது. வருஷக்கணக்கில் சுழன்ற பழைய வட்டு ஒருமுறை நின்றால் மறுபடி சுழலாமல் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆகவே ரீபூட் ஆபத்தானது என்கிறீர்கள். சத்தியமான வார்த்தை. தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அதை இன்னும் சத்தியமாக்கியிருக்கிறது.

எங்கள் மலைச் சனங்களுக்கு இந்த ஞானம் வாய்க்கவில்லை. சாமை, தினை, பனிவரகு என்று தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் நல்ல விதையை, பானையில் பத்திரமாக மூடி வைக்காமல், வருஷந்தோறும் மண்ணில் கொட்டுகிறார்கள். முளைத்தால் அதிலிருந்து மறுபடி விதை எடுக்கிறார்கள். முளைக்காவிட்டால் அந்த வருஷமே தெரிந்துபோகிறது, பக்கத்து வீட்டில் ஒரு படி வாங்கிச் சமாளிக்கிறார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக இங்கே சிறுதானிய வேலை செய்கிறது. அவர்களும் இந்தக் கெட்ட பழக்கத்தைத் திருத்தவில்லை, ஊக்கப்படுத்துகிறார்கள். பத்து வருஷம் திறக்காத பானை என்று ஒன்று வீட்டில் இருந்தால் எவ்வளவு பெருமை! உள்ளே இருப்பது விதையா உமியா என்று ஊருக்கு என்ன தெரியும்?

தங்களை நோக்கிப் பொறாமைக்காரர்கள் வைக்கும் முதல் குற்றச்சாட்டு, இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குப் பேட்ச் போடவில்லை என்பது. லினக்ஸ் கெர்னலில் ‘டர்ட்டி கவ்’ என்ற ஓட்டை 2007 முதல் இருந்து 2016 அக்டோபரில் அடைக்கப்பட்டது. சாதாரணப் பயனராக உள்ளே வந்தவன் சர்வருக்கே அதிபதி ஆகிவிடலாம் என்கிற வசதி அது. அடைத்த கெர்னல் வேலைக்கு வர வேண்டுமானால், வழக்கமான வழியில், பழையதை இறக்கிவிட்டுப் புதியதைக் கிளப்ப வேண்டும். அப்டைம் பூஜ்யம் ஆகிவிடும். விருந்தாளிக்காக வாசலைத் திறந்து வைப்பது தமிழ்ப் பண்பாடு, அதைத் தாங்கள் சர்வர் அறையிலும் காத்தீர்கள்.

வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஓரியின் ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். 2017 மே 12ஆம் தேதி வான்னாக்ரை என்ற கணினிப் புழு விட்ட அம்பும் அப்படித்தான் போனது. ஒரே ஓட்டை வழியாக இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள், பெரிய கம்பெனிகள், நம் பக்கத்து ஆந்திரக் காவல் துறையின் கணினிகள் என்று சுமார் 150 நாடுகளில் தைத்தது. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டைக்கான பேட்சை மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம். பேட்சைப் போட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்திருந்தால் போதும். ஆனால் அம்பு வருகிறது என்று நகர்கிற யானைக்குப் புறநானூற்றில் இடம் ஏது?

அணையாத இயந்திரங்களின் வீர வரலாற்றில் நான் மிகவும் போற்றுவது சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நின்ற பேட்ரியாட் ஏவுகணைத் தளத்தின் கணினியை. வளைகுடாப் போர் நடந்த 1991 பிப்ரவரி. வருகிற ஸ்கட் ஏவுகணையை ராடாரில் பார்த்து, அடுத்து அது வானத்தில் எந்த இடத்துக்கு வரும் என்று கணக்கிட்டு, எதிர் ஏவுகணை விட வேண்டும். நேரத்தை அது விநாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் எழுதினால் அது முடிவில்லாமல் நீளும். அந்தக் கணினிக்கு இருந்தது 24 பிட் இடம், மீதியை வெட்டிவிட்டது. வெட்டியது துளி. ஆனால் கணினி அணையாமல் ஓட ஓட அந்தத் துளி சேர்ந்தது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் கணக்கு பூஜ்யத்திலிருந்து புதிதாகத் தொடங்கியிருக்கும். போர்க்களத்தில் அப்படியெல்லாம் கடமையிலிருந்து நழுவலாமா? அது 100 மணி நேரம் ஓயாமல் விழித்திருந்தது. பிசகு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வளர்ந்தது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். பிப்ரவரி 25ஆம் தேதி வந்த ஸ்கட்டை அது தவறான இடத்தில் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை, ஆகவே நிம்மதியாக இருந்தது. ஸ்கட் படைவீரர்கள் தங்கியிருந்த கொட்டகையில் விழுந்தது. 28 பேர் இறந்தார்கள்.

இப்படி நெடுநேரம் ஓடினால் குறி பிசகும் என்பது முன்பே தெரிந்திருந்தது. மிக நீண்ட நேரம் ஓட்டினால் பிரச்சினை வரும் என்று தளங்களுக்குச் செய்தியும் போனது. மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி என்று மட்டும் அதில் எழுதவில்லை. திருத்தப்பட்ட மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26ஆம் தேதி. சுற்றறிக்கை எழுதுகிற கலையில் நம் அலுவலகங்கள் தனித்து நிற்கவில்லை என்று அறியும்போது ஒரு ஆறுதல்.

இயந்திரத்துக்குள் உட்கார்ந்து நாளை எண்ணும் கடிகாரங்களும் தங்களைப் போன்றவர்களுக்கு எதிராகச் சதி செய்பவைதான். விண்டோஸ் 95ஐத் தொடர்ந்து 49.7 நாள் ஓட்டினால் மில்லி விநாடிக் கணக்கு நிரம்பித் தொங்கிவிடும். இதை வெளியே சொல்ல 1999 ஆயிற்று, அதுவரை அது அத்தனை நாள் விழாமல் ஓடி யாரும் பார்த்ததில்லை என்று கேலி பேசுவார்கள். பழைய லினக்ஸில் 497 நாள் ஆனதும் அப்டைம் எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். தங்களைப் போன்ற எத்தனை பேர் அந்தக் காலையில் பல் துலக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்! ஏர் இந்தியா உட்பட உலகமே ஓட்டும் போயிங் 787 விமானத்தில், 248 நாள் மின்சாரம் துண்டிக்காமல் இருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோகலாம் என்று கண்டுபிடித்து, அவ்வப்போது அணைத்துப் போடச் சொல்லி 2015இல் அமெரிக்க விமானத் துறை உத்தரவிட்டது. ஏஎம்டியின் ‘ரோம்’ வகை சர்வர் சிப்புகள் சுமார் 1,044 நாள் ஆனதும் மயங்கக்கூடும் என்று அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. தங்கள் பெட்டிக்குள் எந்த சிப் இருக்கிறது என்று கேட்டு மனசைப் புண்படுத்த மாட்டேன்.

சிலர் வாயேஜர் விண்கலங்களை இழுப்பார்கள். வாயேஜர் 2இன் கட்டளைக் கணினி 1977 ஆகஸ்ட் 20 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு முன்னால் உங்கள் ஆயிரம் நாள் எம்மாத்திரம் என்பார்கள். அந்த ஒப்பீட்டையே நான் ஏற்பதில்லை. வாயேஜர்களை நாசா சும்மா விட்டதே கிடையாது. 2023 நவம்பரில் வாயேஜர் 1இன் நினைவகத்தில் ஒரு சிப் கெட்டது. சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் தூரம். ஒரு கட்டளை போய்ச் சேர ஏறத்தாழ இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. அப்படியும் உட்கார்ந்து, நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, கெடாத இடங்களில் ஒட்டி, 2024 ஏப்ரலில் அதைப் பேசவைத்துவிட்டார்கள். தங்கள் சர்வர் அடுத்த அறையில் இருக்கிறது. அதை இத்தனை வருஷம் ஒரு பேட்ச்கூடத் தீண்டாமல் காப்பாற்றியிருக்கிறீர்களே, அந்தத் துறவு நாசாவுக்கு வருமா?

குறுக்குவழிக்காரர்களையும் தங்களோடு சேர்க்கக் கூடாது. கேஸ்ப்ளைஸ், கேபேட்ச் என்று கருவிகள் வந்திருக்கின்றன. ஓடுகிற கெர்னலிலேயே அவசர ஓட்டைகளை அடைக்கலாம், 2015இல் லினக்ஸ் 4.0 முதல் அதற்கான ஏற்பாடு கெர்னலிலேயே இருக்கிறது. டிஜிட்டல் கம்பெனியின் விஎம்எஸ் கிளஸ்டர்கள் பத்து ஆண்டுக்கு மேல் நிற்காமல் சேவை செய்தது இன்னும் பெரிய மோசடி. இரண்டு மூன்று இயந்திரங்களை ஒன்றாகக் கட்டி, ஒன்று வேலை பார்க்கும்போது மற்றொன்றை அணைத்து, திருத்தி, எழுப்புவார்கள். வெளியே நிற்கிற தாத்தாவுக்கு அன்றே சான்றிதழ் கிடைத்துவிடும். ஆனால் சுவரில் மாட்ட எந்த இயந்திரத்துக்கும் நாலு இலக்க எண் கிடைக்காது. இப்படிச் சேவை நடந்து என்ன பயன்?

நெட்ஃபிளிக்ஸ் செய்ததைக் கேட்டால் தங்களுக்கு நெஞ்சு வலிக்கும். வேலை நேரத்தில், ஆட்கள் இருக்கையில் இருக்கும்போதே, தன் சர்வர்களில் ஏதாவது ஒன்றைக் கண்ட மேனிக்கு அணைத்துவிட ஒரு நிரல் எழுதினார்கள். பெயர் ‘கேயாஸ் மங்கி’. 2012இல் அதை ஊருக்கெல்லாம் இலவசமாகவும் கொடுத்தார்கள். சர்வர் விழுவது நிச்சயம், அது நள்ளிரவில் விழாமல் நாங்கள் விழித்திருக்கும்போது விழட்டும் என்பது அவர்கள் வாதம். எங்கள் மலையில் ஆகாய கங்கைக்குப் போகிற வழியெல்லாம் குரங்குகள்தான், கையில் இருப்பதைப் பிடுங்கும். அவற்றைச் சம்பளம் கொடுத்து சர்வர் அறைக்குள் விட யாருக்கும் தோன்றியதில்லை.

தாங்கள் சீக்கிரம் பணி ஓய்வு பெறப்போவதாகவும் கேள்வி. சால்வை, மாலை, குரூப் போட்டோ எல்லாம் முடிந்ததும் அடுத்து வருகிறவரிடம் அந்த அறையின் சாவியை ஒப்படைப்பீர்கள். கூடவே ரூட் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள் ஐயா. அதை வைத்தவர் தங்களுக்கு முன்னால் இருந்தவர், அவர் யாருக்கும் சொல்லாமல் போய்விட்டார், தாங்கள் பொறுப்பேற்ற நாள் முதல் அது தங்களுக்கே தெரியாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் நம்பவில்லை. அப்படியே இருந்தாலும் பயமில்லை, பாஸ்வேர்ட் மறந்த லினக்ஸ் சர்வரில் புதிய பாஸ்வேர்ட் வைக்கச் சுலபமான வழி உண்டு, ஐந்து நிமிட வேலை. முதலில் ஒருமுறை ரீபூட் செய்ய வேண்டும்.